வாத்துப் படகு

வாத்துப் படகு நின்ற இடத்திலேயே மூன்றாவது முறையாகச் சுற்றியது.

"ஃபிட்டரே, பிடியை இந்தப் பக்கம் திருப்புங்க! தலை சுத்துது!" என்று கத்தினாள் மாதேவி. கத்தி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

முப்பது வருடம் நூல் மில் இயந்திரங்களைச் சரிசெய்த முனிராஜால் ஒரு பிளாஸ்டிக் வாத்தைத் திருப்ப முடியவில்லை.

படகுத்துறையில் நின்றவர் விசில் ஊதி, கன்னடத்தில் ஏதோ திட்டினார். அதற்கும் சிரித்தார்கள்.

ஹெப்பாளில் இப்போது பூங்கா இருக்கும் இந்த இடத்தில்தான் அவர்கள் வேலை பார்த்த மில் இருந்தது. நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் மாதேவி பதினெட்டு வருடம் நின்றாள். மதிலுக்குப் பின்னால்தான் ஏரி. ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. மழை பெய்தால் பாசி வாசனை வரும். அவ்வளவுதான் தெரியும்.

மில்லை மூடினார்கள். பிறகு இடித்தார்கள். மதிலும் போனது.

இன்று அதே ஏரியின் நடுவில், பட்டுச் சேலைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கை தண்ணீரை அள்ளி முனிராஜின் மேல் வீசினாள். புது வேட்டி நனைந்தது. அவரும் அள்ளினார். அவள் தலையிலிருந்த மல்லிகைச் சரம் நழுவித் தண்ணீரில் விழுந்து, படகோடு சேர்ந்து சுற்றியது.

கரையில் நடந்துபோன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. அதற்குப் பிறகு இப்படிச் சிரித்த ஞாபகமே இல்லை.

கைப்பேசி அடித்தது. மகள் தமிழ்ப்ரியா.

"அம்மா, மணி ஒண்ணாச்சு. எப்ப ஊட்டுக்கு வர்றே?"

"எந்த ஊட்டுக்குடி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது மாதேவிக்கே உறைத்தது.

"அவரு ஊட்டுக்குத்தாம்மா," என்றாள் தமிழ்ப்ரியா. "உன் பெட்டியெல்லாம் இங்க கொண்டாந்து வெச்சுட்டேன். சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும், பாயசம் ஆறுது."

இரண்டு மணி நேரத்துக்கு முன்பு, பதிவாளர் அலுவலகத்தில், அம்மாவின் கல்யாணத்துக்கு முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.