ஓமனாவைத் தெரிந்த சாட்சி

அப்பாவின் சுசீந்திரம் வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பி ராஜகுமாருக்கு எழுதிக்கொடுக்க ஓமனா பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவன் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. சாட்சிகளில் ஒருவர், அவளைச் சிறுவயது முதல் அறிந்த பக்கத்து வீட்டுக் குமாரதாஸ்.

"இவங்களத் தெரியுமா?" என்று பதிவாளர் கேட்டார்.

குமாரதாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாது சார். ஓமனா வெளிய புளிமரத்து மூட்டுல நிக்கா."

"அண்ணே, நான்தானே ஓமனா!"

அவர் வாசல் பக்கம் கைகாட்டினார். ராஜகுமார் அக்காவை ஒருமுறை குழப்பத்தோடு பார்த்துவிட்டு வெளியே போனான்.

"அக்கா, உள்ள வா. விளிக்காவ," என்று அவன் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"நான் பத்திரத்துல ஒப்பு போடமாட்டேன் மக்கா," என்றது ஓமனாவின் குரல்.

உள்ளே நின்ற ஓமனா தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அது மூடியிருந்தது.