கழுத்துக் கருமை

“மீசைலாம் அப்டியே இருக்கட்டும்மா. கயுத்துல கருப்பா கீது பாரு, அத்த மட்டும் எடுத்துடு. பேனர்ல அழுக்கு மாரி தெரியும்.”

ரேணுகா படத்தைப் பெரிதாக்கினாள்.

பாடி மேம்பாலத்தை ஒட்டிய ஃப்ளெக்ஸ் கடை. லாரி போகும்போதெல்லாம் திரை நடுங்கியது. திரையில் இருந்த வினோத்தும் நடுங்கினான்.

நேற்று லேத் பட்டறையில் மாரடைப்பு வந்து நின்றபடியே சரிந்தவன். கண்ணீர் அஞ்சலி பேனருக்காக அவன் அண்ணன் பரந்தாமன் வந்திருக்கிறார். கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு.

“சுகர் கூட இல்லம்மா அவனுக்கு. போன மாசம்தான் பாத்து நார்மல்னாங்க. கயுத்துக்குத்தான் டெய்லி எலுமிச்சம்பயம் போட்டு தேய்ப்பான். போவவே இல்ல.”

அவளும் தேய்த்தாள். மவுஸ் போன இடமெல்லாம் கருமை விலகியது.

இந்தக் கருமை அவள் கைக்குப் பழக்கம். மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணிபோல. போன வாரம் அம்பத்தூர்க்காரர் ஒருவர். அதற்கு முன் வானகரத்து அக்கா ஒருத்தி. எல்லோருக்கும் மாரடைப்பு. எல்லோரையும் சுத்தமான கழுத்தோடு அனுப்பிவைத்திருக்கிறாள்.

சுவரில் இன்னொரு பேனர் காய்ந்துகொண்டிருந்தது. ஏதோ மருத்துவ முகாமுக்குக் காலையில் அவளே தட்டச்சு செய்தது.

‘கழுத்தில் கருமையா? உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். சர்க்கரை அளவு நார்மலாக இருக்கும்போதே இதயக் குழாய்கள் கெடத் தொடங்கலாம்.’

காலையில் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

இப்போதுதான் படித்தாள்.

திரையில் வினோத்தின் கழுத்து பளிச்சென்று இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படி இருந்திராத கழுத்து.

“நல்லாகீறான்ல?” பரந்தாமன் திரையருகே குனிந்தார். “கீய வட்டத்துல என் போட்டோவும் வரணும்மா. துக்கத்தில் வாடும் அண்ணன்னு. இப்பவே ஒண்ணு புடிச்சுக்கோ.”

அவள் போனை உயர்த்தினாள். அவர் துண்டை அவிழ்த்தார்.

அவள் அழித்த கருமையெல்லாம் அவர் கழுத்தில் போய் உட்கார்ந்திருந்தது போலிருந்தது.

“எனுக்கும் அத்தே மாரி எடுத்துடும்மா.”

மேலே லாரி ஒன்று போனது. ரேணுகா போனைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, உங்களுத அழிக்காம வுட்டுடட்டா? அந்த செவுத்துல இருக்கறத ஒருதபா படிங்கண்ணா.”