பேச்சிமுத்து பெயரில் வந்த ரத்தம்

குழாய்களை எக்ஸ்ரே எடுக்கும் கருவியிலிருந்து கழன்று விழுந்த கதிர்வீச்சுத் துண்டை, என்னவென்று தெரியாமல் கையில் எடுத்துவிட்டான் வெல்டர் பேச்சிமுத்து. அவன் பெயரில் ஆய்வகத்துக்கு ரத்தம் வந்தது. உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்ட குரோமோசோம்களை எண்ணினால், உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆய்வாளர் ஹெப்சிபா மூன்று நாட்கள் நுண்ணோக்கியில் குனிந்து ஐந்நூறு செல்களைப் பார்த்தாள். ஒன்றுகூடச் சேதப்படவில்லை. ஆணுக்கு உரிய ஒய் குரோமோசோமும் ஒன்றில்கூட இல்லை.

நான்காம் நாள் பேச்சிமுத்துவின் கம்பெனி மேலாளர் சதாசிவம் அல்வாப் பெட்டியோடு வந்தார்.

"பாதிப்பு இல்லன்னு எழுதிட்டீங்கன்னா வாங்கிட்டுப் போயிருவேன் மேடம்."

"சார், இது பொம்பள ரத்தம்."

அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"அவன் சம்சாரந்தான். கேஸானா கம்பெனிய மூடிருவாங்கன்னு சொன்னேன், அவளே கைய நீட்டிட்டா. புருஷன் பொண்டாட்டி ரத்தத்துல என்ன மேடம் வித்தியாசம்?"

"அவரு எங்க?"

"வீட்லதான். விரல்தான் கொஞ்சம் அழுகுது, மஞ்சப் பத்து போட்ருக்காங்க."

சொல்லிக்கொண்டே அல்வாவைக் கிள்ளி வாயில் போட்டு, நெய் விரலை ரத்தப் பரிசோதனைப் படிவத்தின் ஓரத்தில் துடைத்தார். ஹெப்சிபா படிவத்தை நுனிவிரலால் இழுத்து, முடிவு எழுதும் கட்டத்தில் அவர் பார்க்கவே எழுதினாள்: 'பேச்சிமுத்துவின் ரத்தம் இன்னும் வந்து சேரவில்லை.'

பிறகு ஊசியையும் ரத்தம் எடுக்கும் குப்பிகளையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவரு வீட்டு விலாசம் சொல்லுங்க."

சதாசிவம் மெல்லுவதை நிறுத்தினார்.