பின்னறை டெலிபோன்

மறுபடியும் நெட் போயிற்று.

மோடத்தில் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. பதினொன்று ஐந்து. நேற்றும் இதே நேரம். முந்தாநாளும்.

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. விடிகாலை நாலு மணியிலிருந்து அமெரிக்க டாக்டர்கள் முணுமுணுத்ததையெல்லாம் காதில் கேட்டுத் தட்டச்சு செய்தாயிற்று. பதினொன்றேகாலுக்குள் அனுப்ப வேண்டும். இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் போன பிறகு அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான்.

புகார் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அன்று மத்தியானம் ஒருவழியாக லைன்மேன் பால்பாண்டி வந்தார். வயரைப் பிடித்துக்கொண்டே பின்னறை வரைக்கும் போனார்.

மாமனாரின் கட்டிலருகே பழைய டெலிபோன்.

அதுவும் நெட்டும் ஒரே லைனில்தான் ஓடுகிறதாம். அது மணியடித்தால் நெட் விழத்தானே செய்யும் என்றார். நடுவில் ஒரு ஃபில்டர் மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் ஆபீசில் ஸ்டாக் இல்லை. அடுத்த வாரம் வந்தாலும் வரலாம்.

"இதுல யாரும்மா பேசுறது?"

யார் பேசுகிறார்கள்! பக்கவாதம் வந்து மாமாவுக்குப் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. சங்கரன்கோவிலிலிருந்து அவருடைய அண்ணன் தினமும் பதினொன்று ஐந்துக்கு அடிப்பார். மூன்று தடவை மணி அடித்து நின்றுவிடும். மாமா எடுக்க மாட்டார். அண்ணன் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வார். அதற்குப் பிறகுதான் கஞ்சியில் கை வைப்பார்.

"யாரும் பேசுறதில்லண்ணே. போன் அங்கயே இருக்கட்டும், வயர மட்டும் கழட்டிருங்க."

மாமா அப்போது முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயந்திரம் முதுகுவலியோடு படுத்தவள், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிப்போனாள்.

மறுநாள் நெட் அசையவில்லை. பதினொன்று பத்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பாடா என்று மேஜையிலேயே தலையைச் சாய்த்தாள். கண் விழித்தபோது மணி ஒன்று. பதறிப்போய்ச் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள்.

காலைக் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

மாமா ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் நீட்டிய தட்டை விலக்கினார். மணியடிக்காத டெலிபோனைக் காட்டினார். பிறகு நீயும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வா என்று குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார்.