மொஹேலிக்கு இரண்டு பேர்

"இந்த மாசத்துல அங்க ஆரும் போறல்ல, தம்பி" என்றார் அம்ஜத். "கொமோரோஸ் எண்டு ஒரு நாடு இரிக்கிறதே எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

புத்தளம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் அவருடைய பயண அலுவலகம். உம்ராவுக்கும் டுபாய்க்கும் ஆள் அனுப்பிப் பழகியவர். கம்ப்யூட்டரில் வரைபடத்தைப் பெரிதாக்கினார். நீலம்தான் வந்தது. இன்னும் பெரிதாக்கினார். மூன்று நான்கு புள்ளிகள்.

"அதுலயும் நீங்க கேக்கிறது ஆகச் சின்னப் புள்ளி. மொஹேலி."

"ஓம், நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் ஃபாஹிம்.

அவன் கண்டக்குழியில் மீன் பிடிப்பவன். அவனுடைய தோளில் ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் முனவ்வரா இரண்டு பாஸ்போட்டுகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"டுபாய், நைரோபி, மொரோனி. அதுவரைக்கும் பெரிய ப்ளேன். பொறகு தீவுக்குச் சின்ன ப்ளேன். மழையெண்டா அதுவும் இல்ல, போட்தான். அங்க இது புயல் காலம்." அம்ஜத் சிரித்தார். "வெள்ளைக்காரன் பட்டம் புடிச்சிக் காத்துல பறக்கவெண்டு கண்டக்குழிக்கு வாறான். நீங்க புயல்ல பறக்க அங்க போறீங்களா?"

ஃபாஹிம் சிரிக்கவில்லை. போனை எடுத்து மேசையில் வைத்தான்.

வீடியோ பதினாறு விநாடி. மரத்தடியில் ஒருவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "வாடி... வாடி" என்றான். அதோடு முடிந்தது.

"ஆரு இது?"

"ரிப்கான். ஆறு வருஷத்துக்கு முந்தி எஞ்சின் நிண்டு, காத்துல அள்ளுப்பட்டுப் போன போட்ல இரிந்தவர். அஞ்சு பேர். எல்லாரும் மௌத் எண்டுதான் நெனச்சோம்." ஃபாஹிம் போனைக் கவிழ்த்து வைத்தான். "முனவ்வராட மாப்பிள்ளை."

அம்ஜத் எழுந்தே விட்டார்.

"அல்லாஹு அக்பர்! ஆறு வருஷம் புருஷனுக்காகக் காத்துக் கெடந்த பொம்புளைக்கு அல்லாஹ் குடுத்த கூலி இது, தங்கச்சி."

முனவ்வரா முந்தானையை இழுத்து நெற்றிவரை மூடினாள்.

"ஆர் அனுப்பின வீடியோ?"

"அங்க ரோட்டு வேலைக்குப் போன தமிழ்நாட்டு ஆள் ஒருத்தர். தலையில அடிபட்டு இவருக்குப் பேச்சுப் போயிட்டாம். இந்த ஒரு சொல்லுத்தான் வருதாம். பொண்டாட்டியக் கூப்பிடுறார் எண்டு அந்த ஆள் நெனச்சு ஃபேஸ்புக்குல போட்டிருக்கார். அது சுத்தி எங்கட ஊருக்கு வந்திச்சு."

"அவங்களுக்கு வாடி எண்டா அதுதானே." அம்ஜத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நம்மட ஆள் கடக்கரைக் கொட்டிலைக் கேக்கிறார்."

"அவர் கட்டின வாடி இன்னும் நிக்கிது. வீடியோ வந்த நாளையில இருந்து நான் அங்கதான் படுக்கிறேன்."

"கவலை, தம்பி. ஊட்டுல தூக்கம் எப்பிடி வரும்?"

ஃபாஹிம் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

"ஆளை அடையாளம் காட்ட வேணுமாம். குடும்பத்துல ஆரும் நேர்ல வரணுமாம்" என்றான் பிறகு.

"போங்க. வேணாம் எண்டு நான் சொல்லல்ல. சித்திரை கழியப் போங்க. கடல் அடங்கும். ஆறு வருஷம் இருந்தவர் மூணு மாசம் இரிக்க மாட்டாரா?"

"அவர் இரிப்பார், நானா. எங்களுக்குத்தான் ஏலாது."

அம்ஜத் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். வெளியே பஸ்காரன் "கற்பிட்டி, கற்பிட்டி" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"வரக்குள்ள மூணு பேர். ஒரே வரிசையில போடவா?"

முனவ்வரா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"திரும்பி வாறத இப்பவே போடணுமா?"

"போட்டாத்தான் அந்த நாட்டுக்குள்ள உடுவான், தங்கச்சி."

அவள் ஃபாஹிமைப் பார்த்தாள். ஃபாஹிம் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான்.

"எனக்குத் தள்ளி ஒரு சீட் போடுங்க" என்றான்.

"நல்ல மனுஷன். ரெண்டு பேரும் ஆறு வருஷக் கதையையும் கதைச்சி முடிக்கட்டும், என்ன?"

பிள்ளை விழித்தது. கண்ணைக் கசக்கிவிட்டு முனவ்வராவிடம் தாவியது. அவள் வாங்கி, அதன் முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"மாமியோட நல்ல ஒட்டு" என்றார் அம்ஜத். "புள்ளைய ஆர்ட்ட உட்டுட்டுப் போவீங்க?"

"என்ட உம்மாட்ட" என்றான் ஃபாஹிம்.

அம்ஜத் மேசை லாச்சியை இழுத்து, அதிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பேனாவை உதறினார்.

"பொம்புளைக்குத் துணையாப் போற மஹ்ரம் ஆரெண்டு உம்ராவுக்குக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கமாப் போயிட்டு. இதுலயும் எழுதுறேன்." எழுதிக்கொண்டே வாசித்தார். "துணை, ஃபாஹிம். உறவு, சகோதரன்."

"சகோதரன் இல்ல" என்றான் ஃபாஹிம். "மாப்பிள்ளை எண்டு எழுதுங்க."

பேனா நின்றது.

"மாப்பிள்ளை அங்கதானே இரிக்கார்?"

"ஓம்" என்றான் ஃபாஹிம். "அவர் மௌத் எண்டு நம்பித்தான் மூணு வருஷத்துக்கு முந்தி எங்களுக்கு நிக்காஹ் முடிச்சு வச்சாங்க. அங்க போய்ச் சேருமட்டும் நான்தான், நானா."