வெட்டுவாய்

பூஞ்சை பிடித்த வாழைத்தாரை வெட்டிய கத்தியை மருந்துநீரில் முக்காமலே பூங்கோதை அடுத்த தாரில் வைத்துவிட்டாள். காலையில் கணவன் மயிலேறி சொன்ன சுடுசொல்லே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நினைவு வந்தபோது அவர்களின் முதல் சரக்கு கப்பலேறிவிட்டது. அந்தத் தாரில் மிஞ்சிய ஒரு சீப்பைக் குட்டை அலமாரிமேல் வைத்து, கத்தி பட்ட வெட்டுவாய் கறுக்கிறதா என்று ஓயாமல் பார்த்தாள். இது கறுத்தால் கப்பலில் போனதும் கறுக்கும்.

"என்னடி, வாழக்காய்க்குப் பூசையா?" என்று சிரித்தான் மயிலேறி. அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆறாம் நாள், பார்க்கப் பயந்து வெட்டுவாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். குளித்துவிட்டு வந்தால் அது அறையைப் பார்த்திருந்தது. மயிலேறி டார்ச் அடித்துக் குனிந்திருந்தான்.

"நீ கத்திய முக்காதத நானும் பாத்தேன், கோத. வீம்புல சொல்லாம விட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"கறுப்பா அது, நிழலா?" என்று கேட்டாள்.

மயிலேறி டார்ச்சை மறுபக்கத்திலிருந்து அடித்தான்.