அடித்தல் திருத்தல்

கை எழுதிக்கொண்டே போனது.

தொண்ணூற்று நான்காம் பக்கத்துக் கணக்கு, கமா முதற்கொண்டு, தாளில் இறங்கிக்கொண்டிருந்தது.

புத்தகம் மேசைமேல் மூடிக் கிடந்தது.

புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்கிற பரீட்சை அது. அறை முழுக்கப் பக்கங்கள் சரசரத்தன. எல்லோரும் கொண்டுவந்ததால் அவளும் புத்தகம் கொண்டுவந்தாள். திறக்கத்தான் விரல் வரவில்லை.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் பை மரத்தடியில், செருப்பு வாசலில். விரலிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு அகப்பட்டதற்குக் கூடப் படித்த அழகுமீனாளை இரண்டு வருஷம் எழுதவிடவில்லை. அந்தப் பெண் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் புத்தகத்தையே நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிளஸ் டூவில் இப்படித்தான் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். வேறு வழி இருக்கிறதென்று அவளுக்கு யார் சொன்னார்கள், பாவம்.

இங்கே கல்லூரியில் முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. அடுத்ததில் ஒன்பது. இதிலும் போனால் இடமில்லை என்று கடிதம் வந்தாயிற்று. அது பெட்டிக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாது.

ஷூ சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. மேற்பார்வைக்கு வந்த சார்.

அவள் புத்தகத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"என்னம்மா, புக்கத் தொறக்கவே இல்ல? பூஜைக்கா வச்சிருக்க?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது.

"தொறந்து பாரு கண்ணு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் நகர்ந்த பிறகு திறந்தாள். தண்ணீர்த் தொட்டி. அடியில் ஓட்டை. காலியாக எவ்வளவு நேரமாகும்? எழுதியதில் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அப்புறம்தான் கேள்வித்தாளில் இருந்த படத்தைப் பார்த்தாள்.



புத்தகத்தில் இருப்பது நேர்ச்சுவர்த் தொட்டி. இது மேலே அகலம், கீழே குறுகல். முன்னும் பின்னும் புரட்டினாள். அந்தத் தொட்டி எந்தப் பக்கத்திலும் இல்லை.

இல்லை என்று புரட்டுவதற்கு முன்பே தெரியும்.

முக்கால் மணி நேரம் மிச்சம்.

படத்தையே வெறித்தாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி இருந்தது. மேலே இருக்கும்போது மெள்ள இறங்கும். அடிக்கு வர வர விறுவிறுவென்று போய்விடும். கேனைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் அதையே பார்த்து நின்றிருக்கிறாள்!

அப்படியானால், மட்டம் இறங்க இறங்கப் பரப்பு குறைகிறது.

யாரும் சொல்லித் தரவில்லை இதை. அவளே சொல்கிறாள்.

புத்தகத்தில் இல்லாததை எழுதப்போகிற இந்தப் பயத்துக்கு முன்னால், அதுவரை இருந்த பயமெல்லாம் ஒரு பயமா என்று ஆகிவிட்டது.

ஸ்கேலை எடுத்தாள். எழுதிய பக்கத்தின் மேல்மூலையில் வைத்தாள். 'அடித்தல் திருத்தல் கூடாது.' பள்ளிக்கூடக் கரும்பலகையின் ஓரத்தில் வருஷம் பூராவும் அழியாமல் இருந்த வரி. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட அவள் அடித்தவளில்லை.

மூலைக்கு மூலை ஒரு கோடு.

பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

கணக்கைத் தானாகவே முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்; மிச்சமிருந்த இடம் பத்தே நிமிஷத்தில் தீர்ந்தது. எழுந்து நின்றாள். மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது. 

சார் பக்கம் திரும்பினாள்.

"சார்... அடிஷனல் ஷீட்."